காகிதப்பூவும் ஈதர் பாட்டிலும்

நான் கழுவிய குடுவையை எங்கள் லேபில் யாரும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பதில்லை. பார்த்தால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். பத்தொன்பது வருஷமாக நான் அங்கே டெக்னீஷியன். கழுவுவது, நிறுப்பது, வடிகட்டுவது, அளந்து ஊற்றுவது என்று கையால் செய்கிற எந்த வேலையிலும் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. தற்பெருமை என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். சொல்லிவிட்டு மறுநாள் என்னிடம்தான் குடுவை கேட்டு வருவார்கள்.

என் தங்கை அதே லேபில் ஆராய்ச்சி மாணவி. நாற்பத்தொரு வயதில் மாணவியா என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் உண்டு. கல்யாணம், இரண்டு பிள்ளைகள், வீடு என்று பத்து வருஷம் போன பிறகு, விட்ட படிப்பைப் பிடிக்கிறேன் என்று ஒருநாள் வந்து நின்றாள். லேபில் சின்னவர் பெரியவர் எல்லோருமே என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அதனால் அவள் கூப்பிடும் அக்கா மட்டும் நிஜ அக்கா என்று வெளியாருக்குத் தெரியவே தெரியாது.

அவள் எடுத்துக்கொண்டது காகிதப்பூ. காம்பவுண்டுச் சுவர்களில் ஏறிக்கொண்டு, ரோஸும் ஊதாவுமாக மண்டிக்கிடக்குமே, அதே பூதான். வாசனை கிடையாது, யாரும் பறித்துத் தலையில் வைப்பதில்லை, கீழே விழுந்தால் பெருக்கித் தள்ளுவார்கள். "பூவே இல்லாத பூவை எடுத்திருக்கியே" என்று நானே கிண்டல் செய்திருக்கிறேன். அவளுக்குக் காலையில் எழுந்ததும் வரிசையாக ஒன்பது தும்மல் வரும். அந்தத் தும்மலுக்கு ஏதாவது ஒரு பூவில் பதில் இருக்கும் என்பது அவள் பிடிவாதம்.

சோதனை இரண்டு. ஒன்று அலர்ஜிக்கு. உடம்பில் அலர்ஜியைக் கிளப்பிவிடுகிற செல்கள் இருக்கின்றன. சீண்டினால் உள்ளே அடைத்து வைத்திருப்பதை எல்லாம் வெளியே கொட்டும், அதுதான் தும்மலும் அரிப்பும். அந்த வகைச் செல்களைத் தட்டில் வளர்த்து, பூவை வெந்நீரில் ஊறவைத்து எடுத்த சாற்றை முதலில் கொடுத்து, பிறகு சீண்டிப் பார்ப்போம். கொட்டுவது குறைந்தால் சாறு வேலை செய்கிறது. செல் செத்துப்போய்ச் சும்மா கிடக்கவில்லை என்பதையும் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று ஆன்டி ஆக்ஸிடன்ட் சோதனை. கண்ணாலேயே பார்த்துவிடலாம். ஊதா நிறத்தில் ஒரு கரைசல் இருக்கும். அதில் சாற்றை விட்டு அரை மணி நேரம் இருட்டில் வைத்தால், சாற்றில் சரக்கு இருந்தால் ஊதா வெளுத்து மஞ்சளாகிவிடும். இதற்கான சாற்றை, சட்டென்று ஆவியாகிவிடுகிற ஈதர் என்ற திரவத்தில் எடுப்போம். லிட்டர் லிட்டராக ஈதரைப் பூப்பொடியில் ஊற்றி, வடித்து, சுழலும் குடுவையில் வைத்து ஆவியாக்கினால் அடியில் நகக்கண் அளவு பிசின் மிஞ்சும்.

இந்தச் சோதனையைத் தொடங்கிய முதல் வருஷம் அந்தப் பிசின் எதற்கும் உதவவில்லை. ஊதா ஊதாவாகவே இருந்தது. பிறகு நான் பூவை உலர்த்தும் விதத்தை மாற்றினேன். அடுப்பு வேண்டாம் என்று சொல்லி, இருட்டு அலமாரியில் வலைத்தட்டு போட்டு ஒரு வாரம் நிழலிலேயே உலர்த்தினேன். அடுத்த தடவை கரைசல் பளிச்சென்று மஞ்சளானது. வைட்டமின் சி-க்குச் சமமாக நின்றது. துறைத்தலைவர் மூன்று மாடி இறங்கி வந்து தட்டைப் பார்த்தார். "எல்லாம் உலர்த்துற பக்குவம் சார்" என்று நான் சொன்னேன். சும்மா சொல்லக் கூடாது, அன்றைக்கு என் கால் தரையில் படவில்லை. அலமாரியின் மேல் 'தொடாதே' என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினேன். ஆய்வேட்டின் மூன்றாவது அத்தியாயம் முழுக்க அந்த மஞ்சள்தான்.

வியாழக்கிழமை அவளுக்கு வாய்மொழித் தேர்வு. பதிவுக்காலம் அந்த மாதத்தோடு முடிகிறது. ஒரு முறை நீட்டித்துக் கொடுத்தாயிற்று, இனி ஒரு நாள்கூடத் தரமாட்டார்கள். வியாழன் கோட்டைவிட்டால் ஆறு வருஷ உழைப்பையும் மூட்டைகட்டிக்கொண்டு வீட்டுக்கு வரவேண்டியதுதான். வெளியிலிருந்து வரும் தேர்வாளர் அம்மாவுக்கு எங்கள் வட்டாரத்தில் கத்தரி என்று பெயர். பக்கம் பக்கமாக வெட்டித் தள்ளுவார்.

செவ்வாய்க்கிழமை காலையில் நான் குடுவை கழுவிக்கொண்டிருந்தேன். எனக்கென்று ஒரு பழக்கம் உண்டு, யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. கழுவிக் காயவைத்த குடுவையில் அந்த ஊதாக் கரைசல் கொஞ்சம் விட்டுச் சுழற்றிப் பார்ப்பேன். ஊதாவாகவே இருந்தால் குடுவை சுத்தம். நிறம் வெளுத்தால் எங்கோ பழைய சாறு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இத்தனை வருஷத்தில் என் குடுவையில் நிறம் வெளுத்ததே கிடையாது.

அன்றைக்கு வெளுத்தது. அரை மணி நேரத்தில் சுத்தமான மஞ்சள்.

எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதீர்கள். நான் கழுவிய குடுவை அழுக்கா? மறுபடி சோப்பு, மறுபடி தண்ணீர், மறுபடி காய்ச்சி வடித்த தண்ணீர். கடைசியில், முதல் தடவை போலவே, சீக்கிரம் உலரட்டும் என்று ஒரு குவளை ஈதர் விட்டு, கருவியில் மாட்டி ஆவியாக்கினேன். கரைசலை விட்டேன். மஞ்சள். மூன்றாவது தடவை பிரஷ்ஷே தேயும் அளவுக்குத் தேய்த்தேன். மஞ்சள். நாலாவது தடவை கையிலிருந்த ஈதர் தீர்ந்துவிட்டதால், அசிட்டோன் என்ற வேறு திரவத்தைத் தேடி எடுத்து அலசினேன். ஊதா அப்படியே நின்றது.

குடுவையில் தப்பில்லை என்று எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அப்புறம்தான் உறைத்தது. வழக்கமாக நான் கடைசி அலசலுக்கு அசிட்டோன்தான் எடுப்பேன். அன்று அது கைக்கெட்டவில்லை என்று ஈதரை எடுத்திருந்தேன்.

ஸ்டோருக்குப் போய் அதே ஈதரின் புது பாட்டிலை எடுத்து, ஜன்னல் ஓரம் கொண்டுவந்து, மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு லேபிளைப் படித்தேன். பெரிய எழுத்தில் பெயர், அளவு, தீ எச்சரிக்கை. அதற்குக் கீழே, எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி. ஈதர் நாள்பட்டால் வெடிக்கும் பொருளாக மாறக்கூடும். அப்படி ஆகாமல் இருக்க அதில் துளியூண்டு ஆன்டி ஆக்ஸிடன்ட் கலந்திருக்கிறது என்று அந்த வரி சொன்னது. முன்பு வாங்கிய ஈதரில் அது கலந்திருக்கவில்லை. இந்த வகை வந்தது, நான் பூவை நிழலில் உலர்த்தத் தொடங்கிய அதே மாதம். ரசீதில் சரிபார்த்து வாங்கியதாகக் கையெழுத்து இருக்கிறது. என் கையெழுத்து.

ஈதர் முழுக்க ஆவியாகிப் போய்விடும். கலந்தது போகாது. மூன்று லிட்டரில் இருந்த துளியெல்லாம் சேர்ந்து, பூவின் பிசினோடு குடுவையின் அடியில் உட்கார்ந்துகொள்ளும். ஒன்றரை வருஷமாக நாங்கள் பூவில் கண்டுபிடித்துக் கொண்டாடியது பாட்டிலிலேயே இருந்திருக்கிறது. என் நிழலும் அலமாரியும் 'தொடாதே'யும் சேர்ந்து ஒரு காசுக்குப் பெறாது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஜன்னல் ஓரத்தில் பத்து நிமிஷம் நான் சும்மா நின்றேன். எனக்கு மட்டும்தான் தெரியும். பாட்டிலைத் திருப்பி வைத்துவிட்டால் வியாழக்கிழமை அவள் முனைவர். எனக்கும் பத்தொன்பது வருஷப் பெயர் பத்திரமாக இருக்கும். ஆனால் அந்தக் குடுவை மூன்று தடவை மஞ்சளானதை நான் பார்த்துவிட்டேன். கழுவாத குடுவையைக் கழுவினதாகச் சொல்லி நான் யாருக்கும் கொடுத்ததில்லை. போனேன்.

தங்கை எடை போடும் அறையில் தனியாக உட்கார்ந்து, தேர்வுக்கான படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

"எத்தனை தடவ பாத்த?" என்றாள்.

"ஈதர்ல மூணு. அசிட்டோன்ல ஒண்ணு."

"ஈதர மட்டும் ஆவியாக்கி, பூவே போடாம, ஒரு பிளாங்க் நான் வச்சிருக்கணும்." அவள் குரல் மெதுவாகத்தான் வந்தது. "ஒன்றர வருஷத்துல ஒரு தடவகூட வைக்கல."

"பாட்டில வாங்கினவ நான்டி. லேபிளப் படிக்காதவ நான்."

"சோதன நோட்டுல கையெழுத்து போட்டவ யாரு? நான்தானே."

அவள் முகத்தைத் துப்பட்டாவில் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்துப் பக்கத்தில் போனால், தோள் குலுங்கியது சிரிப்பில். அழுகையும் கலந்திருந்தது என்று வையுங்கள்.

"உன் நிழல் அலமாரி அக்கா!" என்றாள். "தலைவர் அத போட்டோ எல்லாம் எடுத்து வச்சிருக்காரு!"

இருவரும் போய்ச் சொன்னபோது தலைவருக்குச் சிரிப்பு வரவில்லை. அறைக்கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர்.

"இப்ப இதக் கிளறாதம்மா. மூணாவது அத்தியாயத்த எடுத்துட்டா ஆய்வேட்டுல என்ன மிச்சம் இருக்கு? அந்த அம்மா ஒன்ன நார் நாராக் கிழிச்சிடுவாங்க. பட்டம் வாங்கு, அப்புறம் கட்டுரையில திருத்திக்கலாம்."

"அலர்ஜி அத்தியாயம் மிச்சம் இருக்கு சார்" என்றாள் தங்கை. "அது வெந்நீர்ல எடுத்தது. அங்க ஈதர் வாசனையே கிடையாது."

"அது ஒண்ணு போதும்னு அவங்க சொல்லணுமே."

"சொல்லலன்னா மூட்ட கட்டிட்டுப் போறேன் சார். ஆனா தப்புன்னு தெரிஞ்ச படத்தக் காட்டி, அதுக்கு டாக்டர்னு பேர் போட்டுக்க எனக்கு வராது."

நான் கதவருகே நின்றிருந்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சின்ன வயதில் பரீட்சை என்றாலே எனக்குப் பின்னால் ஒளிந்துகொண்ட பெண் இது.

புதன்கிழமை முழுவதும் இருவரும் வேலை செய்தோம். ஒரு வரிசையில் பூவும் ஈதரும், இன்னொரு வரிசையில் பூவே இல்லாத வெறும் ஈதர், மூன்று லிட்டர் ஆவியாக்கியது. அவள் பிப்பெட்டில் சொட்டுச் சொட்டாக அளந்து விட்டாள், நான் எண்ணிச் சொன்னேன். மாலையில் கருவி எண்களைக் கொடுத்தது. பூவுக்கு என்று நாங்கள் எழுதி வைத்த பெருமையில் ஐந்தில் நாலு பங்கு பாட்டிலுடையது. மிச்சம் ஒரு பங்குதான் காகிதப்பூவின் சொந்தச் சொத்து. அவள் அந்தப் படத்தை வரைந்து, பழைய படத்துக்கு அடுத்ததாகச் சேர்த்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

வியாழக்கிழமை அறையில் நாற்பது நாற்காலியும் நிறைந்துவிட்டன. நான் கடைசி வரிசையில், கதவை ஒட்டி உட்கார்ந்தேன். கத்தரி அம்மா முதல் வரிசையில், ஆய்வேட்டில் நூறு இடத்தில் அடையாளச் சீட்டு செருகி வைத்துக்கொண்டிருந்தார். தங்கை அலர்ஜி அத்தியாயத்தை முதலில் எடுத்தாள். அம்மா கேள்வி மேல் கேள்வி கேட்டார். செல் உயிரோடு இருந்ததற்கு என்ன ஆதாரம்? சாறு செல்லைத் தடுத்ததா, அல்லது செல் கொட்டியதை நாம் அளக்கும் முறையையே கெடுத்ததா? எல்லாவற்றுக்கும் அவளிடம் பிளாங்க் இருந்தது, படம் இருந்தது. முக்கால் மணி நேரம் அவள் ஓரடிகூடப் பின்வாங்கவில்லை. நான் பெருமையில் நிமிர்ந்து உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு வலித்துவிட்டது.

பிறகு மூன்றாவது அத்தியாயம். மஞ்சள் படம் திரையில் வந்தது.

"இந்தப் படம் தப்பு" என்றாள்.

தலைவர் தரையைப் பார்த்தார். தங்கை அடுத்த படத்தைப் போட்டு, ஈதர், கலந்திருந்த பொருள், ஐந்தில் நாலு பங்கு, எல்லாவற்றையும் குரல் நடுங்காமல் விளக்கினாள்.

கத்தரி அம்மா பேனாவை மூடி வைத்தார். "இந்தத் தப்ப செஞ்சது யாரு?"

"நான்தான் மேடம். பிளாங்க் வைக்காதது நான்."

டெக்னீஷியன்கள் அந்த அறையில் வாய் திறக்கும் வழக்கம் கிடையாது. நான் எழுந்து நின்றுவிட்டேன். நாற்காலி கீச்சென்று கத்தியது. "பாட்டில வாங்கினது நான்ங்க. லேபிளப் படிக்காம கையெழுத்து போட்டதும் நான்தான்."

நாற்பது தலையும் திரும்பின. பத்தொன்பது வருஷத்தில் சேர்த்த பெயரை நானே என் வாயால் கொட்டிக் கவிழ்த்தேன். ஆச்சரியம் என்னவென்றால், எனக்கு வெட்கமாக இல்லை.

"கண்டுபிடிச்சது யாரு?" என்றார் அம்மா.

"அதுவும் அவங்கதான்" என்றாள் தங்கை. "குடுவ சுத்தமான்னு பாத்தப்ப."

"எந்த ஈதர்? பாட்டில் இருக்கா?"

ஓடிப்போய்க் கொண்டுவந்து கொடுத்தேன். அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பாட்டிலைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார். திருப்பினார், மறுபடி படித்தார். அவர் முகம் வாடிப்போனது. "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்குப் போனார். கதவு முழுக்கச் சாத்தவில்லை. ஃபோனில் பேசியது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"நம்ம ஈதர் பாட்டில எடு... லேபிளப் படி... அதில்ல, அதுக்குக் கீழ... அதுக்கும் கீழ, சின்னதா இருக்கும் பாரு... என்ன போட்டிருக்கு?" மறுமுனை படித்ததைக் கேட்டுக்கொண்டார். "சரி. யாரும் இன்னிக்கு எந்தக் கட்டுரையையும் அனுப்ப வேணாம்னு சொல்லு."

திரும்பி வந்தவர் உடனே உட்காரவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எங்க லேப்லயும் இதே பாட்டில்தான். எத்தன வருஷமான்னு போய்த்தான் பாக்கணும்" என்றார். அதைச் சபையில் சொல்ல அவருக்கும் தைரியம் வேண்டும். அந்த நிமிஷம் எனக்கு அந்த அம்மாவைப் பிடித்துப்போனது.

தீர்ப்பு சுருக்கமாக வந்தது. மஞ்சள் படத்தை எடுத்துவிட வேண்டும். அது இருந்த இடத்தில் வெறும் ஈதர் சோதனையை முழுதாக எழுத வேண்டும், இனி இந்த வேலைக்கு வருகிறவர்கள் படிக்க வேண்டும். அலர்ஜி அத்தியாயம் தானே நிற்கிறது. திருத்த மாதக் கடைசி வரை நேரம். "வாழ்த்துகள், டாக்டர்" என்று சொல்லிக் கை நீட்டினார். கைதட்டல் எழுந்தது. தலைவர்தான் எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டினார். என் தங்கை அங்கேயே, அந்தப் பெரிய மனிதர்களுக்கு நடுவில், தொடர்ச்சியாகத் தும்மினாள்.

எல்லோரும் கலைந்த பிறகு கத்தரி அம்மா என்னிடம் வந்தார். "உங்க குடுவச் சோதனைய எழுதித் தர முடியுமா? எங்க லேப் சுவத்துல ஒட்டணும். அடியில உங்க பேரும் வேணும்."

"அக்கா சொல்லட்டும் மேடம், நான் எழுதித் தரேன்" என்றாள் தங்கை.

"நீ போ, டாக்டர். நானே எழுதறேன்" என்றேன்.

அந்த லேபில் அதுவரை நான் எழுதியதெல்லாம் பாட்டில் மேல் ஒட்டும் சீட்டும், ரசீதில் கையெழுத்தும்தான். வெள்ளைத்தாள் வாங்கி, மேசையில் குனிந்து, என் கையெழுத்து கோணாமல் நிதானமாக எழுதினேன். எத்தனை சொட்டு, எவ்வளவு நேரம், எந்த நிறம். மொத்தம் ஏழு வரி. கீழே என் முழுப்பெயர்.

தங்கை தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள். முதல் வரியிலேயே நின்றுவிட்டாள். 'எதையும் ஊற்றும் முன் பாட்டிலின் லேபிளைக் கடைசி எழுத்து வரை படிக்கவும். நான் படிக்கவில்லை' என்று எழுதியிருந்தேன்.

"இதையுமா அக்கா சுவத்துல ஒட்டணும்?" என்றாள்.

"ஒட்டட்டும்" என்று சொல்லி, தாளை இரண்டாக மடித்துக் கத்தரி அம்மா கையில் கொடுத்தேன்.